தோணிக்காரனைச் சுட்டவள்

தோளில் துவக்கு மாட்டியிருப்பவர் பேசினால் முழுவதையும் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், தலையாட்ட வேண்டும், நடையைக் கட்ட வேண்டும். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இது பல் துலக்குவதைப் போன்ற பழக்கம். அதைக் கணினி விளையாட்டுக்குள்ளும் கொண்டுபோனதுதான் என் பிழை.

யுத்தம் முடிந்த வருடம். சுனாமி நிவாரணமாக வந்த கணினிகளை வைத்து ஆரையம்பதியில் நடந்த பயிற்சி நிலையம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு, எங்களுக்குப் படிப்பித்த சேர் துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு ஒன்றில் போட்டி வைத்தார். ("கண்ணும் விரலும் ஒண்டாப் பழகும்" என்பது அவருடைய விளக்கம்.) வெடிச்சத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்த ஊரில் இதை ஒருவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. முதற்பரிசு ஒரு கணினி. இறுதிச் செயற்றிட்டத்தை வீட்டிலிருந்து செய்து முடிக்க எனக்கு அது கட்டாயம் தேவை. வாவியில் ஆளேற்றித் தோணி விடும் அப்பாவால் அதை வாங்கித் தர முடியாது. ஆகவே வெல்வதைத் தவிர வேறு திட்டம் என்னிடம் இருக்கவில்லை.

என் பலங்களை அப்போது இப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: குறி தப்பாது, வேகம் அதிகம், கதையில் நேரத்தை வீணாக்குவதில்லை. விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் யாராவது ஒருவன் துவக்கோடு வந்து நின்று நெடுநேரம் பேசுவான். வாயைத் திறந்ததுமே, பேச்சைத் தாண்டிப்போக என்டரை அமுக்கிவிடுவேன். (மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத்தான்.)

இறுதிச் சுற்றில் நானும் குருக்கள்மடத்து ரூபனும். இருவருக்குமே புதிய கட்டம். காயப்பட்ட ஒருவனை ஆற்றுக்கு அக்கரையில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. எங்கள் இரண்டு திரைகளும் சுவரில் பெரிதாகத் தெரிந்தன. எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது.

காயப்பட்டவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். என்டர். ரூபனோ கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன ரூபன், படம் பாக்க வந்தயா?"

"கத நல்லாருக்கு. நீ போ."

போனேன். ஆற்றங்கரைக்கு வந்தபோது புகைக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது. அதில் ஒருவன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். ஒரே வெடி. குறி தப்பவில்லை. ஆள் தண்ணீருக்குள் விழுந்தான். தோணி நீரோட்டத்தோடு போய்விட்டது. கட்டம் தோல்வி என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

அப்பாவின் தங்கை, என் மாமி, எழுந்து நின்றார்.

"ஐயோ, தோணிக்காரனச் சுட்டுப்போட்டாளே! என்ன புள்ள செஞ்சவன் அவன் உனக்கு?"

"கிட்ட வந்தான் மாமி..."

"தோணி கிட்ட வராம, மறுகா நீ எப்பிடி ஏறுற?"

சபையில் பாதிப்பேர் தோணிக் குடும்பங்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. அப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "சுட்டதுதான் சுட்டாய், தோணியக் கட்டிப்போட்டுட்டுச் சுட்டிருக்கலாமே புள்ள."

ரூபன் அதே கரையில் துவக்கைத் தாழ்த்தி, காயப்பட்டவனை ஏற்றி, தானும் ஏறிப் போனான். அன்று மாலை கணினி ஓட்டோவில் ஏறிக் குருக்கள்மடம் போனது. நான் செயற்றிட்டத்தை நிலையத்தில், மற்றவர்கள் எழுந்த பிறகு கிடைத்த கதிரைகளில் உட்கார்ந்து முடித்தேன்.

அப்படி ஒரு நாள், அந்தக் கட்டத்தைத் திறந்து எதையும் அமுக்காமல் பார்த்தேன். வருவது தன் தம்பி என்கிறான் காயப்பட்டவன். இரண்டு கரைக்கும் ஆளேற்றுகிறவனாம். எந்தக் கரையில் தன்னைச் சுடுவார்கள் என்று தெரியாததால் எங்கே போனாலும் கையை உயர்த்திக்கொண்டுதான் வருவானாம். பிறகு தோணிக்குள் அந்தத் தம்பி பேசுகிறான். எதிரி வருவதில்லை, சுடவும் எதுவுமில்லை. துடுப்புச் சத்தமும் அவன் குரலும் மட்டும். அந்த விளையாட்டிலேயே மிக நல்ல பகுதி அதுதான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கதையைச் சொன்னேன். யுத்த காலம் முழுவதும் எங்கள் கரைக்கும் எதிரேயுள்ள படுவான்கரைக்கும் ஆளேற்றியவர் அவர்.

"ஓம், நானும் அப்பிடித்தானே வந்தனான்," என்றார். "என்னட்டக் கேட்டிருந்தா முதலே சொல்லியிருப்பன்."

இன்று மென்பொருள் எழுதுவது என் தொழில். எந்த விளையாட்டிலும் யார் பேசினாலும் முடியும்வரை இருந்து கேட்கிறேன். ஆனால் லீவில் ஊருக்கு வந்து நான் கரையில் நின்றால் போதும், தோணிக்குள் இருந்தபடியே அப்பா இரண்டு கைகளையும் உயர்த்திவிடுவார்.

"சுட்டுடாத புள்ள! நான் நம்மட ஆள்தான்!"

தோணியில் இருப்பவர்களும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார்கள்.