அழிந்துபோன இரண்டு நாள் படப்பிடிப்பு குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் இரட்டைப் பிள்ளைகளும் சுகம் என்று தெரிகிறது. சுகமில்லாத வீட்டிலிருந்து பதினொரு நிமிடக் குரல்செய்தி வராது. அதை முழுவதும் கேட்டேன். நான் எடுக்கும் படமே பன்னிரண்டு நிமிடம்தான். அதில் கதை இருக்கிறது.

அத்தைக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது, ஆகவே டிஜிட்டல் திரைப்படக் கலையில் முதுகலைப் படிப்பை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். மூன்று வயது இரட்டையரோடு நிம்மதி என்பதை எங்கே பார்த்தீர்களோ தெரியவில்லை. எனக்காக மாடி அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். மிக்க நன்றி. அதில் வேறு ஏதாவது சாமான் போட்டுக்கொள்ளுங்கள். நான் வருவதாக இல்லை.

என் மகள் உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், அந்தப் பாதியையும் பயந்துகொண்டு சொல்லியிருப்பாள் என்பதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். சேர்க்கைக்கான நேர்காணலில், முப்பத்து மூன்று வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவருக்கு ஓய்வு பெற்றபின் சினிமா எதற்கு என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் டாக்டர்கள் கை நீட்டினார்கள், அவங்க வாய் திறக்கிறதுக்குள்ள எது வேணுமோ அதை எடுத்து வச்சேன், இனிமே நான் கை நீட்டறேன், யாராவது எடுத்து வைக்கட்டும் என்றேன். இடம் கிடைத்தது. வகுப்பில் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டு பேரின் வயதையும் ஒரு மாதிரி கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்தான் வாத்தியார். நிஜ வாத்தியாருக்கு முப்பத்தாறு.

இறுதியாண்டுப் படத்துக்கு ஒரு அறுவை சிகிச்சையைக் கதையாக எழுதினேன். எங்கள் பழைய மருத்துவமனையில் பூட்டிக்கிடக்கும் தியேட்டரை இரண்டு நாள் திறந்துவிட்டார்கள். முன்பு என்கீழ் வேலை பார்த்தவள்தான் இப்போது அங்கே மேற்பார்வை, இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நகத்தை மறைத்துக்கொள்வாள். டாக்டராக நடித்தது எங்கள் வகுப்புத் தாடிக்காரன். நல்ல பையன். முதல் நாள் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த ரத்தத்தைப் பார்த்ததுமே விழுந்துவிட்டான். அவனைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, எழுப்பி மறுபடி நிற்கவைத்தேன். கத்திரிக்கோலை அவன் காய் நறுக்குகிறவன் மாதிரி பிடித்தபோது பழக்கதோஷத்தில் புறங்கையில் ஒன்று போட்டேன். அது கேமராவில் பதிவாகி, அன்றைய காட்சிகளிலேயே இயல்பானது அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படியோ இரண்டு நாளில் எடுத்து முடிச்சாச்சு. நாலு மெமரி கார்டு. திங்கட்கிழமை கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஏற்ற வேண்டும்.

இங்கேதான் உங்கள் பேச்சுக்கு இடம் கொடுத்துவிட்டேன். உபயோகித்த எதையும் அப்படியே பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது தியேட்டர் விதி. சுத்தம் செய்துதான் வைக்க வேண்டும். கேமராவிலிருந்து வந்த நாலு கார்டும் உபயோகித்தவை. கை தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கவா, நிச்சயமாகவா என்று கேமரா கேட்டது. ஆபரேஷனுக்கு முன்னால நாங்களும்தான் கேட்போம், யாரும் இல்லைன்னு சொன்னதில்லை. ஆமாம் என்று அழுத்தினேன். நாலு கார்டுக்கும் நாலு தடவை. திரும்ப மீட்டுவிடலாம் என்று கணினி தெரிந்த பையன் ஒருவன் உட்கார்ந்து பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அடிவரைக்கும் அழிக்கிற வழியைத்தான் அமுக்கியிருக்கிறேன். அரைகுறைச் சுத்தம் எனக்கு எப்போதும் ஆகாது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கேமரா பிடித்த பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். தாடிக்காரன் தன் வாழ்நாளின் சிறந்த நடிப்பு போய்விட்டது என்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, "இந்த வருஷம் விட்டுடுங்க மேடம். அடுத்த வருஷம் தெம்பா வாங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா, நோயாளி வீட்டாருக்கு நானே எத்தனை டம்ளர் கொடுத்திருக்கிறேன்.

"ஆபரேஷன் நடுவுல கரண்டு போனா பேஷண்ட அடுத்த வருஷம் வான்னு அனுப்ப மாட்டோம் சார்" என்றேன்.

ஒரே ஒரு காலைப்பொழுது, ஏழிலிருந்து ஒரு மணி வரை, தியேட்டரைத் திரும்ப வாங்கினேன். இந்தத் தடவை சினிமாக்காரர்கள் வழக்கப்படி இல்லை, எங்கள் வழக்கப்படி. யார் எங்கே நிற்பது என்று தரையில் பிளாஸ்திரி ஒட்டினேன். பேச்சு கிடையாது, போன் கிடையாது, டீ கிடையாது. தாடிக்காரனுக்கு மனசு சரியில்லை என்பதால் அவனை நோயாளியாகப் படுக்க வைத்தேன். மயக்கத்தில் இருக்கிறவன் நடிக்க வேண்டியதில்லை. விளக்கு கட்டுகிற எலக்ட்ரீஷியனை டாக்டராக்கினேன். ஒயர் பிடித்த கை, நடுங்கவில்லை. பதினோரு மணி சுமாருக்கு நான் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினேன், கேமரா பிள்ளை சரியான லென்ஸை அதில் வைத்தாள். ஒரு மணிக்கு, தியேட்டர் வழக்கப்படி சாமான்களை எண்ணிப் பார்த்தால் துணியில் மாட்டுகிற ஒரு கிளிப் குறைந்தது. அது வேடிக்கை பார்க்க வந்திருந்த வாத்தியாரின் சட்டைக் காலரில் கிடைக்கும் வரை யாரையும் வெளியே விடவில்லை.

படம் தயார். வியாழக்கிழமை தேர்வுக் குழு பார்க்கிறது. நான் தேறவில்லை என்று அவர்கள் சொன்னால் அடுத்த வருடமும் படிப்பேன், அதற்கடுத்த வருடமும் படிப்பேன். கைமறதியாக ஒரு தவறு செய்தேன், மறுக்கவில்லை; அதைத் திருத்தியும் ஆகிவிட்டது. தவறு செய்கிறவர்களையெல்லாம் மாடி அறையில் உட்காரவைப்பதென்றால் உங்கள் வீட்டுக்கு இன்னும் சில மாடிகள் கட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். மகளுக்கு ஆசிகள். நீங்கள் என் மகளுக்கு வாய்த்த நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீண்ட ஆயுளும் சுருக்கமான பேச்சும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மனசு கேட்கவில்லை. அந்த நாலு கார்டையும் அழிப்பதற்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாக இரண்டு தடவை பார்த்தேன். தாடிக்காரன் அழுதுகொண்டே அறுக்கிறான். நர்ஸுகள் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, இயக்கியது நான்தான். அதைக் காட்டியிருந்தால் நல்லாத்தானே மேடம் இருக்கு என்று சொல்லி பாஸ் போட்டு அனுப்பியிருப்பார்கள், மறுபடி எடுக்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அதனால் கேமரா கேட்ட நாலு தடவையும் யோசித்துத்தான் ஆமாம் என்றேன். படியில் உட்கார்ந்து அழுத பிள்ளையை நினைத்தால் மட்டும் உறுத்துகிறது. அறுபது வயதுக்காரி வேணும்னே செய்திருப்பாள் என்று வாத்தியாருக்கும் தோன்றவில்லை, பதினொரு நிமிடம் பேசிய உங்களுக்கும் தோன்றவில்லை. மகளிடம் சொல்லாதீர்கள். வியாழக்கிழமை வரை யார் கேட்டாலும், பாவம், அத்தைக்கு வயசாயிடுச்சு என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.