குத்தூசி பாயும் சார்ஜிங் மெஷினும்

மட்டாஞ்சேரியில் குத்தூசி பாயை ஏமாற்றிய மனிதன் ஒருவன்கூடக் கிடையாது. ஏமாற்றியது ஒரு மெஷின். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பாய் மிளகு வியாபாரி. மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி எப்போதும் கையில் இருக்கும். சரக்கைப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். சாயாக்கடையில்கூட ஒரு வாய் குடித்த பிறகுதான் பர்ஸ் வெளியே வரும். தன் நிக்காஹ் அன்றே பிரியாணியை ருசி பார்த்து, அரிசி சரியில்லை என்று சமையல்காரரைத் திருப்பி அனுப்பப் பார்த்தவர் என்று அப்பா சொல்வார். அப்பா அவர் குடோனில் மூட்டை தூக்குகிறவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அன்று கலூரில் ஒரு கம்பெனியில் காலை பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. பஸ்ஸில் போனால் சுடிதார் கசங்கும் என்று பாய் தன் எலக்ட்ரிக் காரில் ஏற்றிக்கொண்டார். முந்தின நாள் முழுக்க அவர் வீட்டில் கரண்ட் இல்லை, காரில் சார்ஜ் இல்லை. பாதி வழியில், தோப்பும்படி ஜங்ஷன் தாண்டும்போதுதான் அதைச் சொன்னார்.

வழியில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன். ஆள் கிடையாது, போர்டு மட்டும். ஆப்பை இறக்கு, ஓடிபி போடு, வாலட்டில் ஐந்நூறு ரூபாய் ஏற்று, அப்புறம்தான் கரண்ட். பாய் கேபிளை மிளகு மாதிரி முகர்ந்தார். மெஷினை விரலால் தட்டினார்.

"ஒரு யூனிட் வரட்டும் மோளே. பாத்துட்டுத் தரேன்."

"இது மூட்டை இல்ல பாய். மணி ஒம்பதே கால்."

என் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாகச் சரக்குக்கு முன்னால் காசு கொடுத்தார். காசு போனது. கரண்ட் வரவில்லை.

ஹெல்ப்லைனில் ஒரு பெண் இனிமையாக வருந்தினாள். மெஷின் ரிப்பேராம். பணம் வாலட்டில் பத்திரமாம், பேங்குக்குத் திரும்பாதாம். கலூரில் இன்னொரு மெஷின் இருக்கிறதாம். அங்கே போகக் கரண்ட் இருந்தால் உன்னிடம் ஏன் பேசுகிறேன் என்று பாய் கடைத்தெரு இந்தியில் கேட்டார்.

எனக்குக் கொதித்தது. சாயாக்கடைக்காரர் முன்பணம் வாங்கிவிட்டு, பால் தீர்ந்தது, காசு கல்லாவிலேயே இருக்கட்டும் என்றால் ஊர் விடுமா? மெஷின் என்றால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்? படித்த இங்கிலீஷ் அத்தனையையும் அந்தப் பெண்மேல் கொட்டினேன். அவளும் சம்பளத்துக்குப் பேசுகிறவள்தான் என்று அப்போது தோன்றவில்லை.

காரை அங்கேயே விட்டு, இருவரும் ஆட்டோ பிடித்துக் கலூர் சேர்ந்தபோது பத்து இருபது. நேரம் முடிந்தது என்றார் செக்யூரிட்டி. பாய் தன் போனில் பணம் போன மெசேஜை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இவ லேட் இல்ல சேட்டா. மெஷின்தான் லேட்."

எனக்கு மானம் போனது. ஆனால் உள்ளே விட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தால், பாய் அதே வெயிலில் நிற்கிறார். காரை ரோட்டோரம் விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று அவரிடமும் கத்தினேன்.

"கார் எங்க போகும், அதுலதான் சார்ஜே இல்லியே. உள்ள என்ன கேட்டாங்க, சொல்லு."

பாதி அவருக்குப் புரியாது என்று தெரியும். முதல் கேள்வியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.