தக்கலையில் ஓடிய துபாய் நேரம்

தக்கலையை விட்டு நகராமலே துபாயில் குடியிருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் இன்டர்நெட் சென்டர் முதலாளி. பாஸ்போர்ட்கூடக் கிடையாது, ஊர் அவரைத் துபாய்க்காரர் என்றே கூப்பிட்டது. நர்ஸாகத் துபாய்க்குப் போனது அவர் மனைவி. கடைக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அந்த ஊர் நேரத்தில், நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியே ஓடின.

வெட்கம் முழுக்க எனக்குத்தான். வருகிறவர்களுக்கு முன்னால் உட்காருகிறவள் நானல்லவா? ஒருநாள் மரக்கடை அண்ணாச்சி எங்கள் ரசீதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பிள்ளே, இதுல போட்டிருக்க நேரத்துக்கு நான் வீட்டுல குளிச்சிட்டு நிக்கேன். இங்க வந்தது யாரு?"

விழாத பேனாவைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரில் நேரத்தைத் தானாகத் திருத்தும் மென்பொருள் உண்டு. இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டுக் கடிகாரத்தை மாற்றிவிடும். அது மாற்ற, முதலாளி பின்னால் தள்ள, தினமும் மல்லுக்கட்டு.

"சவம், நான் வச்ச நேரத்த மாத்திப் போட்டிருக்கு பாத்தியா," என்று ஒருநாள் இணைய வயரையே உருவிவிட்டார். இன்டர்நெட் சென்டரில் இன்டர்நெட் இல்லை. வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று.

"செவுத்துல துபாய்க்குன்னு ஒரு கடிகாரம் மாட்டப்பிடாதா அண்ணே? இல்லேன்னா நாளைக்கி நான் வரமாட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார்.

"கடிகாரம்னா வாறவன் போறவன் எல்லாம் கேப்பான் பிள்ளே. கெட்டினவள அனுப்பிட்டு இருந்து திங்கான்னு ஏற்கெனவே பேசுகானுவ. கம்ப்யூட்டர்னா ரிப்பேர்னு சொல்லிக்கிடலாம்." திரையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தார்: "இப்ப டூட்டி முடிஞ்சு பஸ்ஸுல இருப்பா."

மறுநாளும் வேலைக்குப் போனேன். அவர் மென்பொருளை நிறுத்திவிட்டு வயரைத் திரும்பச் செருகியிருந்தார்.

மனைவி லீவில் வந்தபோது மென்பொருளை அவரே இயக்கிவிட்டார். ஒரு மாதம் முழுக்கக் கடை நம் நேரத்தில் ஓடியது, ரசீதுகள் உண்மை பேசின. பிறகு அவளைத் திருவனந்தபுரத்தில் விமானமேற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். உள்ளே நல்ல கூட்டம். மவுஸில் கை வைத்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார்.

நான் எழுந்து போய் மென்பொருளை நிறுத்தி, கடிகாரத்தைப் பின்னால் தள்ளினேன்.

"என்ன மக்ளே, ரிப்பேரா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"ஆமா, நேரம் நிக்க மாட்டேங்கு."

சொல்லும்போது முகம் சுட்டது. ஆனாலும் அந்த மனிதரைத் தனியாக வெட்கப்பட விட எனக்கு மனம் வரவில்லை.