பிரேக் இல்லாத இரண்டு படகுகள்

சுவா,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.

மரியாதைக்குரிய லோபாக் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் கிளாரிஸ் எழுதுவது.

முதலில் மன்னித்துவிடுங்கள் மாமா. கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு பெண் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினால் வீட்டில் ஏதோ விபரீதம் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அப்பா படித்துவிடுவார். உங்களுக்குப் போன் செய்தாலோ, "நல்லா இருக்கீங்களா மாமா, அத்தைக்கு முட்டி வலி தேவலையா" என்று கேட்டு முடித்ததும் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் காகிதம். இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சுகம் இத்துடன் முடிந்தது. இனிமேல் படகு.

அப்பா படகு வாங்கப்போவது உங்களுக்குத் தெரியும். எந்தப் படகு என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியாது. அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "ரியான், ஒங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று தம்பியிடம்தான் சொல்கிறார். நான் வேலை செய்யும் போர்டிக்சன் படகுத்துறையில் இரண்டு பழைய உல்லாசப் படகுகள் விற்பனைக்கு நிற்கின்றன. சின்னது பதினாறு அடி, மேலே துணிக்கூரை, பின்னால் ஒரே எஞ்சின், ஆறு பேர் உட்காரலாம். பெரியது இருபத்து நான்கு அடி, இரண்டு எஞ்சின், உள்ளே இறங்கிப்போனால் ஓர் அறை, பத்துப் பேர் தாராளமாகப் போகலாம். விற்கும் மகேந்திரன் அண்ணன் வருகிற சனிக்கிழமைவரைதான் காத்திருப்பார், வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்ட சண்டை. இப்போது இரண்டு பேரும் ஒத்துப்போவது ஒரே விஷயத்தில்தான்: "டிகிரி படிச்சவ நீதானே, நீயே ஒரு முடிவு சொல்லு." நான் படித்தது கணக்கியல், மாமா. அதில் படகு வரவில்லை. எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் வாடிவிடும் என்பது மட்டும் டிகிரி இல்லாமலே தெரிகிறது.

முதலில் அப்பா பெரியது வேண்டும் என்றார், அம்மா சின்னது போதும் என்றார். அம்மாவின் காரணம் எளிது: சின்னது தூரமாகப் போகாது. அப்பாவின் காரணம் உங்களுக்கே தெரிந்த காரணம். எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய காலத்தில், ஈஸ்டர் திங்கட்கிழமை லயத்து வீட்டு ஆட்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனவர், ஒரு குஞ்சைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. படகு என்றாலும் அவருக்கு அதுதான் கணக்கு. அம்மாவுக்குப் புரிய வைக்கிறேன் என்று போன வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பூப்பந்து மைதானத்தில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் கோலமாவு வாங்கி இரண்டு படகையும் அளந்து வரைந்தார். அதில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். சின்னப் படகில் ஆறு நாற்காலி. அப்பா, அம்மா, ரியான், நான், நீங்கள், அத்தை என்று சரியாக வந்தது. அதற்குள் அம்மா பிரியாணிச் சட்டியைக் கொண்டுவந்து உங்கள் நாற்காலியில் வைத்தார். "ஒங்கண்ணனுக்கு எங்க எடம்?" என்று அப்பா கேட்க, "சட்டிக்கு எங்க எடம்னு மொதல்ல சொல்லச் சொல்லு" என்று அம்மா ரியானிடம் சொன்னார். அத்தை வந்தால் முட்டியை நீட்ட இன்னொரு நாற்காலி வேண்டும் என்றான் ரியான். இந்த நேரத்தில், மாவு கொடுத்துவிட்டு நின்ற செல்லம்மா அக்கா அப்பாவிடம், "அது சரி மைக்கண்ணே, இதுல என் நாற்காலி எது?" என்றார். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா? படகின் மூக்கை அழித்து இன்னும் இரண்டு அடி தள்ளி வரைந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது, படகும் வளர்ந்தது. கடைசியில் சின்னப் படகு வலையைத் தாண்டி, சாக்கடைவரை போய், பெரிய படகைவிட நீளமாகிவிட்டது. அதோடு விட்டாரா? அலை எப்படி இருக்கும் என்று காட்ட ரியானை விட்டு நாற்காலிகளை ஆட்டச் சொன்னார். செல்லம்மா அக்கா குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். "நான் பெருசுலயே வர்றேன்லா, அதுல ஆட்டம் கம்மியாத்தானே இருக்கும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

தரையில் தீராததைத் தண்ணீரில் தீர்த்துக்கொள்ளலாம் என்று நேற்று மகேந்திரன் அண்ணன் எங்களை இரண்டு படகிலும் ஏற்றிப்போனார். நல்ல வெயில், நல்ல காற்று, அம்மா முந்தானையில் ஜெபமாலை. முதலில் சின்னது. துறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் அப்பாவிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். அப்பா உட்கார்ந்து, காலால் கீழே துழாவி, "பிரேக் எங்கப்பா?" என்றார். "கடல்ல ஏதுண்ணே பிரேக்? இந்தக் கைப்பிடிய முன்னால தள்ளுனா போகும், பின்னால இழுத்தா பின்னால போகும்." அப்பா சிரித்தார். அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார். முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி இறக்கியவரிடம் போய் பிரேக் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? திரும்பி வரும்போது கரை பக்கத்தில் வந்தது, அப்பாவின் வலது கால் தரையை மிதி மிதியென்று மிதித்தது, அம்மா 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைப் பாதியிலிருந்து தொடங்கினார், ரியான் "கோஸ்தான்பா! பின்னால எடு, கோஸ்தான்!" என்று கத்தினான், படகு நிதானமாகப் போய்ச் சேற்றில் ஏறி உட்கார்ந்தது. சேதம் ஒன்றுமில்லை. சேற்றில் இறங்கித் தள்ளும்போதும் அப்பா, "பிரேக் வைக்காம வண்டி விக்கிறானுங்க, கேக்க ஆள் இல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து பெரியது. ஏறியதும் அப்பா சைடு கண்ணாடி எங்கே என்று தேடினார். அதுவும் இல்லை. பின்னால் போகும்போது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "ஒரு ஆளப் பின்னால நிப்பாட்டிக்குவோம்ண்ணே" என்றார் மகேந்திரன் அண்ணன். அப்பாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. ரியானைப் பின்னால் நிறுத்தினார். அவனும் லாரியில் உதவிக்கு வரும் கெலிண்டான் பையன் மாதிரி படகின் விலாவைத் தட்டித் தட்டி, "வா, வா, வா, லெஃப்டு ஒடி" என்று நடுக்கடலில் சொல்லிக்கொண்டே வந்தான். கீழே அறையைப் பார்க்கப் போன அம்மா வெகு நேரம் வரவில்லை. பயந்துபோய் நான் இறங்கிப் பார்த்தால், அம்மா அங்கே இருக்கும் சின்னக் கழிவறையின் விசையை அழுத்தி அழுத்தித் தண்ணீர் ஓடுவதை ரசித்துக்கொண்டிருந்தார். "பாருடி, கடலுக்குள்ள ரூம்பு கட்டி வச்சிருக்கான். என்னா சுத்தம்!" திரும்பும்போது பழைய கதைதான். கட்டிப்போட்டிருந்த ஒரு வெள்ளைப் படகை நோக்கி நாங்கள் நேராகப் போனோம். மகேந்திரன் அண்ணன் கயிற்றோடு முன்னால் நின்றார். அப்பாவின் கால் மிதித்தது. பக்கத்தில் நின்ற நான் கையை நீட்டிக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தேன். படகு நின்றது. யாரும் கவனிக்கவில்லை. "பெரிய வண்டின்னா பெரிய வண்டிதான், தானா நிக்குது பாத்தியா!" என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா ரியானிடம், "பெருசே வாங்கச் சொல்லு, அதுலதான் டாய்லெட்டு இருக்கு" என்றார். அதே நேரத்தில் அப்பா என்னிடம், "சின்னதே போதும்மா, பெருசுல பின்னால என்னா நடக்குதுன்னே தெரியல" என்றார். அவர் பக்கம் இவரும் இவர் பக்கம் அவருமாக மாறிக்கொண்டு, சண்டை அப்படியே நிற்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். சின்னதுதான் நல்லது. டிரெய்லரில் ஏற்றினால் ரியானின் வண்டியே அதை இழுத்துவிடும். எல்லாரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாவிட்டால் இரண்டு நடை போகலாம். அதனால் மாமா, வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்து, "சின்னதே போதும் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் வந்து தொட்டுப் பார்க்காமல் அப்பா குளிர்பெட்டிகூட வாங்கியதில்லை. நீங்கள் சொன்னால் தோற்றதாக நினைக்கமாட்டார். அம்மாவும் அண்ணன் சொன்னது என்று விட்டுவிடுவார்.

அத்தைக்கு என் அன்பு. தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ரியானிடம் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீரிலும் தரையிலும் மாதா நம் எல்லாரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
கிளாரிஸ்

பி.கு.: சின்னது என்று மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் மாமா. பெரியது என்றாலும் எனக்குச் சரிதான். எந்தப் படகு என்பது என் கவலையே இல்லை. வேலையிடத்தில் எங்களைப் படகு ஓட்டும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதற்குக் கொடுத்த சான்றிதழைத்தான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் பார்த்து என்னவென்று கேட்டீர்கள். "அதுவும் ஒரு பட்டம்ண்ணே" என்று அம்மா சொன்னார். இந்த வீட்டில் சான்றிதழ் என்றால் கண்ணாடி போட்டு மாட்டுவதற்குத்தான், அதை வைத்து ஒன்று செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. லாரி லைசென்ஸே போதும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான்கு பேர் முன்னால் பேசினாலே என் கை நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று அந்தக் கைப்பிடியை இழுத்தபோது நடுங்கவில்லை மாமா. அப்பாவே முதலாளியாக இருக்கட்டும், கேப்டன் தொப்பியும் அவரே போட்டுக்கொள்ளட்டும், யார் யார் எங்கே உட்காருவது என்றும் அவரே சொல்லட்டும். ஸ்டியரிங்கை மட்டும் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் கேட்டால் அழுதுவிடுவேன், அல்லது அவர் அழுதுவிடுவார். எனக்காக நீங்கள் கேளுங்கள் மாமா.