கூடத்தில் பறந்த விமானம்

அன்பிலும் அதிகாரத்திலும் ஒரு குறையும் இல்லாத அக்காவுக்கு,

அம்மா இருந்த இடத்தை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்ட உனக்கு, உன் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வயிற்றில் இருப்பதும் நலம், மாமியார் அத்தையும் நலம். நலமில்லாமல் குப்புறப் படுத்திருப்பவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே! நான் ‘ஹலோ’ சொல்லி முடிப்பதற்குள் நீ ‘வேணாம்’ என்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முடிந்தால் பேசிப் பார்.

முதலில் முக்கியமான விஷயம். நான் உன் நாட்டுக்கு வருகிறேன். அதில் மாற்றம் கிடையாது. ‘இந்த மாசங்கள்ல போனாதான் உண்டு, இன்னும் தள்ளிப்போட்டா விமானத்துல ஏத்த மாட்டாங்க’ என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்துவிட்டால் அதற்குக் கல்யாணம் ஆகும்வரை நான் காலை நீட்டி உட்காரப்போவதில்லை. அதனால் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில், ஏரியைப் பார்த்த மாதிரி அறை பிடித்தாகிவிட்டது. உன் வீட்டுக்கு வந்து உனக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன். ஒரு சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போனால் போதும். கோட்டை, அருவி என்று எங்கேயும் கூப்பிடாதே. அருங்காட்சியகம் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். சாப்பிடுவேன், தூங்குவேன், ஏரியைப் பார்ப்பேன். ஏரி அலுத்துவிட்டால் திரும்பிப் படுத்துச் சுவரைப் பார்ப்பேன். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் மேசையில் உட்கார்ந்து, ஊரில் இருக்கிறவர்கள் கோபத்தை எல்லாம் ‘சரிங்க, புரியுதுங்க’ என்று காதில் வாங்குகிறவளுக்கு ஒரு சுவரைப் பார்க்கிற உரிமையாவது இருக்கிறதா இல்லையா?

இப்படி நான் பக்காவாகத் திட்டம் போட்டு வைத்திருக்க, நீ என்ன செய்தாய்? என்னிடம் பருப்பு வேகவில்லை என்றதும் எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாய். ‘மாப்பிள்ளை, அந்தக் குட்டியூண்டு சீட்டுல அவ வயித்தோட எப்படி உக்காருவா, யோசிச்சீங்களா?’ என்று கேட்டாய். ஒரு லிஃப்ட் பரிசோதகரிடம் கேட்கிற கேள்வியா அக்கா இது? அவருடைய பிழைப்பே, மனுஷர் ஏறுவதற்கு முன்னால் லிஃப்டில் இரும்புக் கட்டிகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவது. சோதித்துப் பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார். தொட்டில் வாங்கி வந்த அன்றைக்கு அதில் மாவு மூட்டையைப் படுக்க வைத்து மத்தியானம் முழுக்க ஆட்டினார். கை வலித்து அவர் எழுந்துபோன சமயம், அரைத் தூக்கத்தில் வந்த அத்தை தாமே உட்கார்ந்து ஆட்ட ஆரம்பித்து, ‘என் ராஜா, என் செல்லம்’ என்று மூட்டையைக் கொஞ்சியும் தொலைத்தார். அப்படிப்பட்ட குடும்பத்தில் போய் விமான சீட்டைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் என்ன ஆகும்?

ஆனதைக் கேள். விடுமுறை நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கூடத்தில் சோபாவைக் காணோம். சாப்பாட்டு நாற்காலிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, முட்டி இடிக்கிற நெருக்கத்தில் நிற்கின்றன. இவர் டேப்பை வைத்து இடைவெளி அளந்துகொண்டிருக்கிறார். வயிற்றில் அதே மாவு மூட்டை, படுக்கை விரிப்பால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ‘என்னங்க இது கோலம்?’ என்றேன். ‘நீ உக்காரப்போற இடத்துல முதல்ல நான் உக்காந்து பாக்கறேன். ஒத்துவந்தா போ, நான் தடுக்கல’ என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் இந்த ஒத்திகை தேறினால் பயணம் உறுதி. அத்தையைப் பணிப்பெண்ணாக நிற்கச் சொன்னார். ‘என்னால நிக்க முடியாதுடா, எனக்கு ஜன்னல் சீட்டு குடு’ என்று அத்தை நிஜ ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த சூட்டோடு ஜன்னலையும் சாத்தினார், காற்று காதில் அடிக்குமாம். இவர் தன்னுடைய இடுப்பு பெல்ட்டால் தன்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மடியில் இஸ்திரிப் பலகையை நீட்டி, ‘இப்ப சாப்பாடு குடு’ என்றார். கொடுத்தேன். வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் தட்டு சாய்ந்ததே தவிர விழவில்லை. ‘பாஸ்’ என்று குறித்துக்கொண்டார். எனக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து அத்தை, ‘டேய், எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்’ என்றார். இவர் பெல்ட்டை மறந்து சடாரென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. பலகை சரிந்தது, அதில் கால் இடறிற்று, மனுஷன் நாற்காலியோடு தொபுக்கடீர் என்று விழுந்தார், மூட்டை வெடித்தது. கூடம் முழுக்க ஒரே வெள்ளைப் புகை. யாரும் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புகைக்குள்ளிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது: ‘டேய், எறங்கிட்டோமாடா?’

சிரிக்காதே. நானும் அன்றைக்குச் சிரிக்கவில்லை, மறுநாள்தான் சிரித்தேன். அன்றைக்கு எனக்குப் பரிசோதனை நாள் வேறு. ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் இவரையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். வாசலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ‘தேங்க்ஸ்’ என்று வாங்கி அதில் இவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பிரசவப் பிரிவில் காத்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் நகர்ந்து வழிவிட்டார்கள். தலையிலிருந்து கால்வரை மாவு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒரு அம்மாள், ‘பாவம், புருஷன்தான் ரொம்பப் பயந்துட்டார் போல’ என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, தாராளமாகப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரைப் பக்கத்துப் பிரிவில் பார்த்துவிட்டு, இடுப்பில் பலத்த அடி, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆக, இந்த வீட்டில் பயணம் செய்யத் தகுதியுள்ள ஆள் நான் ஒருத்திதான்.

அதனால் தனியாக வருகிறேன். குதிக்காதே. அவரைப் பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறார். ‘நீ போய்ட்டு வாம்மா, சீட்டைத்தான் நான் சோதிச்சுட்டேனே’ என்று படுத்தபடியே அவரும் தைரியம் சொல்கிறார். விமானத்தில் நடைபாதை ஓரமாக இடம் கேட்டிருக்கிறேன், அப்போதைக்கப்போது எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், பெட்டியைத் தூக்க ஆளைக் கூப்பிடுவேன். எனக்குப் பயம் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. நாளெல்லாம் அடுத்தவர்களைச் சமாதானப்படுத்துகிறவளுக்கு என்ன பயம்? நீ விமான நிலையத்துக்கு வரத் தேவையில்லை. ஹோட்டல்காரர்களே வண்டி அனுப்புகிறார்கள். உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் இரு, அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ஆளுக்கொரு முத்தம், சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளச் சொல். உன் கோபம் குறைந்து, ரத்த அழுத்தமும் குறைந்து, நீ நீடூழி வாழ வயிற்றில் இருப்பதும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறது.

இப்படிக்கு,
யாருடைய உதவியும் தேவைப்படாத உன் தங்கை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்துவிட்டு எழுதுகிறேன். அந்த ஹோட்டலை இப்போதுதான் வேண்டாம் என்று சொன்னேன். அன்றைக்கு டாக்டரம்மா குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். தடதடவென்று என்ன வேகம்! இவர் அந்த வலியிலும் சிரித்தார். நான் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அவரிடம் சொன்னால் அதற்கும் ஏதாவது சோதனை வைப்பார். அதனால் உன்னிடம் சொல்கிறேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா. அம்மா இருந்தா அம்மாகிட்ட போயிருப்பேன். ஏரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் வீட்டுல, உன் பக்கத்துல படுத்துக்கணும். ‘ஏன்டி வந்தே’ன்னு நீ பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இரு. அந்தச் சத்தத்துலயாவது நான் கொஞ்சம் தூங்குவேன்.