செங்கரும்பின் முழு வரலாறு

நான் ஒரு சரித்திரம் எழுதத் தீர்மானித்தேன். சோழர் சரித்திரம் இல்லை. ‘செங்கரும்பு’ வாரப் பத்திரிகையின் சரித்திரம். தமிழ்த் தொண்டு என்று நீங்கள் நினைத்தால் சந்தோஷம். உண்மைக் காரணம் ஒரு கலர் டி.வி.

என் மனைவியின் தம்பி கோவர்த்தனன் குவைத்தில் டிரைவர். பொங்கலுக்கு வரும்போது அக்காவுக்குக் கலர் டி.வி. கொண்டுவருவதாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் வீட்டில் தறி போக மிச்சம் ஒரு மூலைதான். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. கூரையைத் தொடும் என் செங்கரும்பும் அங்கேதான் இருக்கிறது. மீசை முளைக்காத வயதிலிருந்து சென்னை பஸ்ஸுக்குக் காத்து நின்று வாங்கிச் சேர்த்தது. பழைய பேப்பர்க்காரன் கன்னையாவிடம் என் மனைவி தேவசேனா பேசிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுங்களத் தொடாத. நான் சரித்திரம் எழுதப் போறேன்," என்றேன்.

"எழுதி முடிக்கிற வரைக்குமா?"

"முடிக்கிற வரைக்கும்."

"சரி, எழுதிக்கோ," என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் திட்டம் எழுதுவதல்ல, முடிக்காமல் இருப்பது. முடிக்கவும் முடியாது. தேதியை அட்டையில் மட்டும் போடுவது செங்கரும்பின் வழக்கம். அந்த அட்டைகளைக் கிழித்துத்தான் வருஷா வருஷம் பிள்ளைகளின் தெலுங்குப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். எது முன்னே, எது பின்னே என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

முதல் நாளே தலை சுற்றியது. ஒரு இதழில் ஆசிரியர் விடைபெற்றார். அடுத்து எடுத்ததில் அவரே பதவியேற்றார். ஒன்றில் மண்ணெண்ணெய்க்கு வரிசை, இன்னொன்றில் வெளிநாட்டுச் சோப்பு விளம்பரம். ராசிபலனைப் பார்த்தால் எல்லா வாரமும் எனக்கு யோகம். பேனாவை மூடிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அப்போது தேவசேனா, தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் படித்தது தெலுங்கு மீடியம், தமிழ் வாசிக்க வராது. வாராவாரம் நான்தான் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பேன். அவள் தார் சுற்றிக்கொண்டே கேட்பாள்.

"அதுல தொடர்கதை இன்னான்னு படி," என்றாள்.

"மங்கை ரயில் ஏறிக்கினு இருக்கா."

"அதுக்கு மின்ன வாரம் புருசன அறைஞ்சா. அதத் தேடு. நம்ம சுரேஷ்பாபு அப்போ என் வயித்துல."

தேடினேன். அறைந்திருந்தாள்.

அதன்பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. மங்கை அழுதது, விதவையானது, பஞ்சாயத்துத் தலைவியானது என்று அவள் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். விதவை எப்படி அடுத்த வாரமே தாலியோடு நிற்கிறாள் என்று கேட்டேன். அது கனவு, நீதானே படித்தாய் என்றாள். இருக்கலாம். படித்த எனக்கு ஞாபகம் இல்லை, கேட்டவளுக்கு இருக்கிறது. அவள் சொன்னதில் எது நிஜம், எது கைச்சரக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆனால் வரலாறு ஓடியது. ஆசிரியர்கள் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனார்கள். விவசாயப் பகுதி மறைந்து கம்ப்யூட்டர் பகுதி முளைத்தது. தறி சும்மா நின்றதற்குத் தேவசேனா முகம் சுளிக்கவில்லை. காபி மட்டும் கேட்காமலே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘முற்றும்’ என்று எழுதிக் கோடும் போட்டேன். எழுதிய கையோடு அவளை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கண் கலங்கக் கேட்டாள்.

"அல்லாம் இதுல வந்துடுச்சா? ஒண்ணும் விடலியே?"

"ஒரு வாரங்கூட விடல."

"அப்போ அதுங்க இன்னாத்துக்கு?" என்றவள் வாசல் பக்கம் திரும்பினாள். "கன்னையா, தராச எடுத்துக்கினு உள்ள வா."

வருஷ வரிசை குலையாமல் கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.