மூன்றரை மணிக்கு மாமா என்ன செய்கிறார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, மொட்டைமாடியில் ஏழு சோலார் பேனல்கள் எல்லோரும் நலம். எட்டாவது பேனலும் இப்போது நலம்தான், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் என்ன சொன்னாலும் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து மொட்டைமாடிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போகப்போவதாக நீங்கள் என் மகளிடம் சொல்லி, அவள் தன் அம்மாவிடம் சொல்லி, அம்மாக்காரி என்னிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி, ஊரைச் சுற்றிக்கொண்டு அது என் காதுக்கு வந்து சேர்ந்தது. தினமும் மூன்றரை மணிக்கு நம் வீட்டு மின்சாரம் திடீரென்று இறங்குகிறதாம், நாலே காலுக்குத் தானாக ஏறிக்கொள்கிறதாம், அது உங்கள் செல்போனில் கோடு போட்டுக் காட்டுகிறதாம். "மூன்றரை மணிக்கு மாமா என்னதான் பண்றாரு?" என்று கேட்டீர்களாம். நல்ல கேள்வி. பதில் இதோ: ஒன்றுமே செய்யவில்லை. சாவியையும் தர மாட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பேனல்களைப் பொருத்திவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அது பாட்டுக்கு வேலை செய்யும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் ரிடையர் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் எனக்குச் சொல்வது அந்த ஒரே வாக்கியம்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இருட்டறையில் முப்பத்தொரு வருஷம் வெளிச்சத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த வெளிச்சம் பிலிமைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று டாக்டர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். அப்படிப்பட்டவன் தலைக்கு மேல் எட்டு பேனலைப் பரப்பி வைத்துவிட்டு, நீங்கள் டிவி பாருங்கள் என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

அதனால் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முதல் வாரமே வானம் மூடிக்கொண்டது. சரி, இன்றைக்குப் பேனலுக்கு லீவு என்று நினைத்து இறங்கி வந்தால், படிக்கட்டில் மாட்டிய இன்வெர்ட்டர் பெட்டி நானூற்று அறுபது வாட் என்று காட்டுகிறது. பெட்டிதான் பொய் சொல்கிறது என்று இரண்டு தட்டு தட்டினேன், அப்போதும் நானூற்று அறுபது. பிறகு யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. சூரியன் முகம் காட்டவில்லையே தவிர, மேகத்தில் சிதறிய வெளிச்சம் நாலா பக்கமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பேனலுக்கு அதுவும் சாப்பாடு. அன்றிலிருந்து நான் மேலே, உங்கள் அத்தை கீழே. அவள் பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துக் குரல் கொடுப்பாள், நான் கைப்பிடிச் சுவரில் பென்சிலால் எழுதுவேன். அவள் பார்க்கும் டிவி தொடரின் முக்கியமான கட்டத்தில் கூப்பிட்டால் மட்டும் எண் கொஞ்சம் தாமதமாக வரும்.

அடுத்தது குடை. மழை விட்ட மறுநாள் குளிர்ந்த பதினோரு மணிக்கு இரண்டாயிரத்து முந்நூறு வந்தது. வெயில் கொளுத்திய ஒரு நாள் பன்னிரண்டரைக்கு இரண்டாயிரத்து நூறுதான். உச்சி வெயிலில் குறைவானேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, பேனலைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு விளங்கியது. அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சூடு ஏற ஏற அதற்குச் சோம்பல் வந்துவிடுகிறது. பாவமே என்று நம் பெரிய கறுப்புக் குடையை விரித்து ஒரு பேனலுக்குப் பிடித்தேன். நிழல் விழுந்தது ஒன்றின் மேல், எட்டும் ஒரே கம்பியில் கோத்திருப்பதால் வரிசை மொத்தமும் சுணங்கிவிட்டது. எண் சரிந்ததைப் பார்த்து மேலே வந்த உங்கள் அத்தை, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவாங்க. நீங்க சூரியனை நம்பி இருக்கிறதுக்கே குடை பிடிக்கிறீங்களே" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக என்னை அற்பன் என்று சொல்லச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது எட்டாவது பேனல். என் மகள் இதைத்தான் பெரிய கொலைக் குற்றம் போலப் பேசுகிறாள். அதன் ஒயர் இணைப்பு தளர்ந்திருப்பது போல எனக்குப் பட்டது. தொடுவதற்கு முன் பேனலைக் கனமான கறுப்புத் துணியால் மூடு என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. வீட்டில் கறுப்புத் துணி இல்லை, முன்னறையில் சிவப்புத் திரைச்சீலை இருந்தது. முப்பத்தொரு வருஷம் சிவப்பு விளக்கின் கீழே பிலிமைக் கழுவியவன் நான், ஒரு பிலிமாவது கெட்டதுண்டா? சிவப்பு என்றால் பிலிம் பச்சைப் பிள்ளை போலத் தூங்கும், பேனலும் தூங்கும் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில் சிவப்புத் திரையைப் போர்த்திவிட்டு இணைப்பை இழுத்தேன். படீரென்று ஒரு பொறி. நான் ஒரு பக்கம், பேனல் துடைக்க வைத்திருந்த வாளி ஒரு பக்கம். கட்டை விரலில் சின்னக் கொப்புளம், அதை உங்கள் அத்தை போனில் சொல்லும்போது கை முழுக்க வெந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். இணைப்பை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு செவப்புன்னா ரொம்பப் புடிக்குமே" என்றார். அப்போது எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி மாளாது. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உள்ளே ஒரு சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற வெளிச்சம் ஓர் எலக்ட்ரானைத் தூக்கி அந்தச் சுவரைத் தாண்ட வைக்க வேண்டும், தாண்டினால் மின்சாரம். என் பிலிமுக்குச் சுவர் உயரம், சிவப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. பேனலின் சுவர் குட்டை. சிவப்பு தாண்டிவிடும், சிவப்புக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்திலும் கொஞ்சம் தாண்டிவிடும். அதற்கும் கீழே தெம்பில்லாதது லட்சம் வந்தாலும் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். நீலம் பெரிய பலசாலி, ஆனால் எவ்வளவு உயரம் தாவினாலும் விழுவது அதே தரையில்தான். கூடுதலாகத் தாவியதெல்லாம் சூடாகிப் போகிறது. இதை நீங்கள் இன்ஜினீயர் படித்து நாலு வருஷத்தில் கற்றீர்கள். நான் ஒரு கொப்புளத்தில் கற்றேன். இதில் சாவியைப் பிடுங்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு நான் எதையும் தொடுவதில்லை. தொடக் கூடாது என்பது உங்கள் மனைவியின் உத்தரவு, தொடவில்லை. பன்னிரண்டு நாளாக, தினமும் மூன்றரைக்கு டீயை எடுத்துக்கொண்டு மேலே போவேன், மேற்குப் பக்கம் எட்டாவது பேனலை ஒட்டி நாற்காலியைப் போடுவேன், பேனலுக்குப் பிடித்த அதே குடையை எனக்கே பிடித்துக்கொள்வேன், எதையும் தொடாமல் கண்காணிப்பேன். நாலே காலுக்கு இறங்கிவிடுவேன். இதுதான் நான் மூன்றரை மணிக்குச் செய்வது. இதையும் செய்யாதே என்றால் நான் என்ன ஷோகேஸ் பொம்மையா?

மின்சாரம் இறங்குவது உண்மை. ஆயிரத்து அறுநூற்றிலிருந்து ஆயிரத்து நூற்றுக்கு இறங்குகிறது, உங்கள் செல்போனுக்கு முன்னாலேயே என் கைப்பிடிச் சுவர்க் கணக்கு சொல்லிவிட்டது. குற்றவாளி யார் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் அத்தை தொடர் பார்ப்பதற்காகப் போன வருஷம் யாரோ ஒருவர் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தாரே ஒரு டிஷ், அதுதான். சாயங்கால வெயிலில் அதன் நிழல் பேனலை நோக்கி நீளுகிறது. யார் மாட்டியது என்று நான் சொல்லப்போவதில்லை, மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். சாவி வாங்க அல்ல, ஸ்பானர் எடுத்துக்கொண்டு அந்த டிஷ்ஷைக் கழற்ற வாருங்கள். செய்த தவறுக்கு நீங்கள் மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், நான் அதை எதிர்பார்ப்பவன் இல்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது, இருக்கும்.

குடும்பத்தோடு நூறு வருஷம் நன்றாக இருங்கள். பேத்தியை வெயிலில் கொஞ்சம் விளையாட விடுங்கள், அவளும் சார்ஜ் ஆகட்டும்.

இப்படிக்கு,
ஒன்றும் செய்யாத மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடிக்கும்போது மணி மூன்றே முக்கால். எழுதும் வேகத்தில் இன்று மாடிக்குப் போக மறந்துவிட்டேன். படிக்கட்டிலிருந்து உங்கள் அத்தை குரல்: "என்னங்க, ஆயிரத்து அறுநூறு. இன்னைக்கு எறங்கவே இல்லையே." ஓடினேன். டிஷ் இருந்த இடத்தில் இருக்கிறது, அதன் நிழல் பேனலுக்கு இரண்டடி தள்ளிப் படுத்திருக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாடியில் இன்று இல்லாமல் போனது நான் ஒருவன்தான். நாற்காலியை விரித்து, குடையைப் பிடித்து உட்கார்ந்தேன். "ஆயிரத்து நூறு" என்றாள். எழுந்தேன். "ஆயிரத்து அறுநூறு" என்றாள். மறுபடியும் உட்கார்ந்தேன். "ஏங்க, ஸ்விட்ச் போட்டு விளையாடறீங்களா?" என்றாள். எக்ஸ்ரே என்பதே நிழல்தான். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்கள் நிழலைக் கழுவிப் பார்த்தவனுக்குத் தன் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று நீங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. டிஷ்ஷைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம் என்றால் பக்கம் அசிங்கமாகிவிடும். சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். ஒட்டறதுக்குக் கவரை என்கிட்ட குடுத்தாரு, சாவியை நான் வெளிய எடுத்துட்டேன், தேட வேண்டாம். கரண்டு குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகட்டும். நம்பரை ஒரு தடவை கத்திச் சொல்லிட்டா, அவரு மேல உக்காந்திருக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் நான் என் தொடரை முழுசாப் பாக்கறேன். சாவியைக் கவர்ல போட்டதுல இருந்து மனுஷன் செவத்தைப் பாத்துட்டு இருக்காரு, எனக்குப் பாக்க சகிக்கல. ஞாயித்துக்கிழமை வந்து, நிழல் விழாம நாற்காலியை எங்க போடறதுன்னு மட்டும் அவருக்குக் காட்டிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரியாத மாதிரி, 'எங்க போடலாம் மாமா'ன்னு அவர்கிட்டயே கேளுங்க.